மழை மேல் போட்ட பழி

2019 டிசம்பர் 2. விடிவதற்கு முன்னால். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய நடூர் ஆதிதிராவிடர் காலனியில் ஏறக்குறைய 20 அடி உயரக் கருங்கல் சுவர் ஒன்று சரிந்து, அதன் காலடியில் இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. படுத்தவர்கள் படுத்தபடியே 17 பேர் செத்துப்போனார்கள். பெண்கள்தான் அதிகம். குழந்தைகளும் உண்டு. அத்தனை பேரும் தலித்துகள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் பங்களா. இந்தப் பக்கம் கூலி வேலைக்குப் போகிற சனங்களின் சின்ன வீடுகள்.

முதலில் இது மழைச் செய்தியாகத்தான் வந்தது. கனமழை, சுவர் இடிந்தது, இத்தனை பேர் சாவு. அரசாங்கம் அறிவித்த தலா 4 லட்சமும் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. வெள்ளத்தில் போனவர்களுக்கும் இடி விழுந்து செத்தவர்களுக்கும் கொடுக்கிற கணக்கு அது. மறுநாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நேரில் வந்தார். இன்னும் 6 லட்சம் சேர்த்து 10 லட்சம் என்றார். ஆனால் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரி முன்னால் திரண்டவர்கள் கேட்டது வேறு. சுவர்க்காரரைக் கைது செய்யணும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடணும், அதுவரைக்கும் பிணத்தை வாங்க மாட்டோம் என்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தடியடி. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

மழை மேட்டுப்பாளையம் முழுக்கத்தான் பெய்தது. சுவர் மட்டும் ஏன் நம் சனத்தின் மேல் விழுந்தது? இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். கெட்டவர்களிடமிருந்து மட்டுமல்ல, நல்லவர்களிடமிருந்தும் வரும். ‘போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க மனசத் தேத்திக்கட்டும். இந்த நேரத்துல யார் மேல குத்தம்னு பேசி என்ன ஆகப்போகுது?’

அதாவது, பழி என்பது அரசியல், கோர்ட்டு விவகாரம். மனசு என்பது தனி, அது டாக்டர் விவகாரம். இந்தப் பிரிவினை பொய் என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது. பேரழிவில் தப்பியவன் மனசுக்குள் முதலில் எழுகிற கேள்வியே ‘இது யாரால் ஆச்சு?’ என்பதுதான். அதற்கு அவனுக்கு என்ன பதில் கிடைக்கிறது, அந்தப் பதிலைக் கொடுக்கிறவர் யார் என்பதை வைத்துத்தான் காயம் ஆறுகிறது, அல்லது புரையோடுகிறது.

*

எங்கள் அவ்வாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற அருந்ததியக் குடும்பம் எங்களுடையது. பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். கவுண்டர் தோட்டத்தில் வருசக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தார்கள். தாத்தா கிணற்றில் கவலை ஓட்டுவார். ஏற்றத்துக்குத் தோல்பறி தைப்பதும், பண்ணாடிக்குச் செருப்புத் தைப்பதும், எருமை செத்தால் தூக்குவதும் அவர் வேலைதான். குடியிருப்பு ஓடைப் புறம்போக்கில். மண்சுவர், மேலே பனையோலை.

என் அம்மா பிறப்பதற்கு முன்னால், ஒரு ஐப்பசி அடைமழையில், ராத்திரி அந்த மண்சுவர் ஊறி உள்பக்கமாக விழுந்துவிட்டது. அவ்வாவின் மூத்த பையன் செத்துப்போனான். மூணு வயசு.

அதற்குப் பிறகு அவ்வா நாற்பது வருசத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். பேரப்பிள்ளைகள் நாங்கள் அவள் வாயால் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை அது. ‘கூரை நடுவால ஒழுகுச்சு. பையன் நனஞ்சு போவான்னு நாந்தான் செவுத்தோரமா நவுத்திப் போட்டேன். நாந்தான் கண்ணு அவனக் கொன்னுபோட்டேன்.’ மழை பெய்கிற ராத்திரிகளில் அவள் வீட்டுக்குள் இருக்க மாட்டாள். கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பின்னால் காலனியில் சிமெண்டு வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அப்படித்தான். காத்துக் கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். பண்ணாடி வீட்டம்மா துக்கம் விசாரித்தபோது, ‘போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுனியோ புள்ள’ என்று சொன்னாளாம். இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். அவ்வா அதையும் நம்பினாள்.

அவளிடம் இன்னொரு கதையும் இருந்தது. அந்த மழைக்கு முந்தின வருசம் தாத்தா பண்ணாடியிடம் போய், ஓடைக்குள் தண்ணி ஏறுது சாமி, மேட்டில் ஒரு ஓரமாகக் குடிசை போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறார். மேடு முழுக்கத் தரிசாகக் கிடந்த நிலம். ‘வளவ உட்டுத் தாண்டி ஊருக்குள்ள வரலாம்னு பாக்கறயா?’ என்று பண்ணாடி விரட்டிவிட்டார். இதைச் சொல்லி அவ்வா சிரிப்பாள். பண்ணாடி மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டுவாள்.

இரண்டு கதைகளையும் அவள் தனித்தனியாகத்தான் சொன்னாள். சாகிற வரைக்கும் ஒரு தடவை கூடச் சேர்த்துச் சொல்லவில்லை. பையன் செத்த கதையில் பண்ணாடி இல்லை. மேட்டு நிலம் கேட்ட கதையில் பையன் இல்லை. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை அங்கே கட்டியது யார்?

*

கட்டியவர்கள் நிறையப் பேர். முதல் கல் கன்மக் கோட்பாடு. துன்பப்படுகிறவன் தன் துன்பத்துக்குத் தானே காரணம், காரணம் தெரியாவிட்டால் அது போன பிறவியில் இருக்கிறது. இதைவிடக் கச்சிதமாக ஒரு பழிசுமத்தும் எந்திரத்தை யாரும் செய்ய முடியாது. போன பிறவிக்குச் சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது, அப்பீல் கிடையாது. அம்பேத்கர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்த அவருடைய ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இதைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். ஏழைகளும் தாழ்த்தப்பட்டவர்களும் இருக்கிற நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்வதைத் தவிர இந்தக் கோட்பாட்டுக்கு வேறு நோக்கம் இருக்க முடியாது என்பது அவர் கருத்து.

இது இந்து மதத்துக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். 1966இல் மெல்வின் லெர்னர் என்கிற அமெரிக்க உளவியலாளரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பெண் மின்சார அதிர்ச்சி வாங்கித் துடிக்கிறாள். அது நடிப்பு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாணவிகளுக்கு அது நடிப்பு என்று தெரியாது. துன்பத்தை நிறுத்த வழி இருந்தபோது மாணவிகள் நிறுத்தத்தான் பார்த்தார்கள். நிறுத்த வழியில்லை, அவள் இன்னும் துன்பப்படப்போகிறாள் என்றபோது அவளையே மட்டமாகப் பேச ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப வேண்டுமே! அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, துன்பப்படுகிறவள் தலையிலேயே குற்றத்தைக் கட்டிவிடுகிறார்கள். நடூரில் செத்தவர்களைப் பார்த்து ‘அவ்வளவு பெரிய செவுத்துக்குப் பக்கத்துல ஏன் குடியிருந்தாங்க?’ என்று டீக்கடையில் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் இந்த மாணவிகளும் ஒரே வகுப்புதான்.

இரண்டாவது வழி, பழியை எந்த மனுசன் மேலும் போடாமல் தெய்வத்திடம் ஒப்படைப்பது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் நோய் வாட்டி எடுத்தது. அந்தக் காலத்தின் சாட்சியாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் நகரத்தில் இருக்கின்றன. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கோவை இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். பகுத்தறிவு பேசுகிற நாம் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். நான் சிரிக்கத் தயாரில்லை. ‘ஆத்தா வந்திருக்கா’ என்று சொல்லும்போது நோய் வந்தவளும் குற்றவாளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. கோபம் எல்லாம் ஆத்தாளுடையது, குளிர்விப்பது எல்லாருடைய வேலை. ‘என்னால்தான்’ என்று தன்னைத்தானே தின்கிற மனசுக்கு அது ஒரு நிழல். ஆனால் அந்த நிழலில் ஒதுங்குகிறவர்கள் நாம் மட்டும் இல்லை. சாக்கடை வெட்டாத நிர்வாகமும், நெருக்கடியில் குடிவைத்தவனும் அதே நிழலில் வந்து நின்றுகொள்கிறார்கள். நமக்கு ஆறுதல், அவர்களுக்கு விடுதலை.

இந்த வரிசையில் ஒரு விசித்திரமான சம்பவம் 1934இல் நடந்தது. ஜனவரி 15ஆம் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பூகம்பம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது அரிசன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். தாகூர் கண்டித்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு விரோதம் என்றார். காந்தி பின்வாங்கவில்லை.

பாருங்கள், பழி முதல் தடவையாகத் திசை மாறியிருக்கிறது. துன்பப்பட்டவனின் பாவம் இல்லை, சாதி இந்துவின் பாவம் என்று ஒரு சாதி இந்துவே சொல்கிறார். சந்தோசப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. இடிபாட்டுக்குள் செத்த பீகார்த் தீண்டத்தகாதவன் எந்தப் பாவத்துக்காகச் செத்தான்? தண்டிக்கிற வேலையைக் கடவுளிடம் கொடுத்துவிட்டால் சட்டத்துக்கு என்ன வேலை? பழியின் திசை மட்டும் மாறினால் போதாது. அது மனுசர்கள் மேல், அவர்கள் செய்த, செய்யத் தவறிய காரியங்கள் மேல், கணக்குச் சொல்லக் கூடிய விதத்தில் வந்து இறங்க வேண்டும்.

*

இதற்கு உளவியல் என்ன சொல்கிறது? நமக்குச் சங்கடமான சேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1977இல் ரோனி புல்மன், கமில் வார்ட்மன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு உடம்பு செயலிழந்த 29 பேரிடம் பேசினார்கள். ‘ஏன் எனக்கு?’ என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. தன் மேலேயே பழி போட்டுக்கொண்டவர்கள் நிலைமையைச் சமாளித்துக்கொண்டார்கள். அடுத்தவர் மேல் பழி போட்டவர்கள் தடுமாறினார்கள். 1990இல் டென்னன், அஃப்லெக் என்ற இருவர் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், அடுத்தவரைப் பழிப்பது மனநலக் குறைவோடு சேர்ந்தே வருகிறது என்றுதான் பெரும்பாலும் தெரிந்தது.

இதை எடுத்துக்கொண்டு ஒருவர் நம்மிடம் வந்து, ‘பாத்தீங்களா, போராட்டம் கீராட்டம்னு கோபத்த வளர்க்காதீங்க, உங்க சனத்துக்குத்தான் கெடுதல்’ என்று சொல்லலாம். அவசரப்படாமல் யோசிக்க வேண்டும்.

அதே புல்மன் 1979இல் சுயபழியை இரண்டாகப் பிரித்தார். ‘நான் செய்த காரியம் தப்பு’ என்பது ஒன்று. ‘நானே தப்பு, நான் இப்படிப்பட்ட பிறவி’ என்பது இன்னொன்று. முதலாவதில் அடுத்த தடவை வேறு மாதிரிச் செய்யலாம் என்கிற பிடிமானம் இருக்கிறது. இரண்டாவதில் எதுவும் இல்லை, ஆளை அப்படியே அமுக்கும். பின்னால் வந்த ஆய்வுகள் முதலாவதும் எல்லாருக்கும் நல்லது செய்யவில்லை என்று காட்டின. எங்கள் அவ்வாவை எந்தப் பக்கம் வைப்பது? செவுத்தோரம் போட்டேன் என்பது செய்த காரியம். ஆனால் மறுபடி செய்ய அவளுக்கு என்ன இருந்தது? நடுவில் போட்டால் ஒழுகும், ஓரத்தில் போட்டால் விழும். வேறு இடம் இல்லாதவளுக்கு, வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்பது பிடிமானம் அல்ல, சித்திரவதை. பிறவியே தப்பு என்று சொல்லித்தான் சாதி நம்மை வளர்க்கிறது. நம் வீட்டில் செய்த தப்பு பிறந்த தப்பாக மாற அதிக நேரம் ஆகாது.

அடுத்தது, அடுத்தவரைப் பழித்தால் ஏன் மனசு கெடுகிறது? பழிப்பதாலா, பழி காதில் ஏறாததாலா? அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பார்த்தது தனியாளின் விபத்தையும் வியாதியையும். ஒரு கூட்டத்தையே அழித்துவிட்டு, அது எங்களால் இல்லை என்று மறுக்கிற அதிகாரத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் கதை வேறு.

2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயின் அறிகுறிகளில் ஒன்றாகப் பழியைச் சேர்த்தது. நடந்ததன் காரணத்தைப் பற்றிய திரிந்த எண்ணத்தால் தன்னையோ பிறரையோ விடாமல் பழித்துக்கொண்டிருப்பது நோய்க்குறி என்கிறது. நம் ஊர் மனநல மருத்துவர்களும் இதைப் படித்துத்தான் வருகிறார்கள். ‘திரிந்த’ என்கிற அந்த ஒரு சொல்லில் நம் வரலாறு முழுக்க இருக்கிறது. எது திரிந்த பழி, எது நேரான பழி என்று தீர்மானிக்கிறவன் யார்? ‘மழைதான் காரணம்’ என்பது நேரானதா? ‘சுவர்க்காரரும், எச்சரித்தும் திரும்பிப் பார்க்காத அதிகாரிகளும் காரணம்’ என்றால் அது திரிந்ததா? மருத்துவர் அறைக்குள் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சுவர் எப்போது, எவ்வளவு உயரம், யார் அனுமதியில், தாங்குதூண் வைத்தா வைக்காமலா கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் ஒருத்தியின் எண்ணம் திரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். ஆக, நோயை அறிவதற்கே விசாரணை வேண்டியிருக்கிறது.

*

வெளியில் நடந்த இரண்டைப் பார்ப்போம்.

1972 பிப்ரவரி 26. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கு. நிலக்கரிக் கம்பெனி ஒன்று சுரங்கக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். செத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர், ஏழை வெள்ளையர்கள். கம்பெனி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இது கடவுளின் செயல். அணையைக் கட்டும்போது அங்கே கடவுளை யாரும் பார்க்கவில்லை, கம்பெனியின் எந்திரங்களைத்தான் பார்த்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். செத்த உயிருக்கும் போன வீட்டுக்கும் மட்டுமில்லை, உடைந்துபோன மனசுக்கும் சேர்த்து நட்டஈடு கேட்டார்கள். 1974இல் கம்பெனி 135 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் மன்னிப்பு இல்லை, தீர்ப்பும் இல்லை. 14 வருசம் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போனபோது பலர் தேறியிருந்தார்கள். ஆனாலும் ஏறக்குறைய நாலில் ஒருவரிடம் அந்த அதிர்ச்சி நோய் இன்னும் இருந்தது. அந்தச் சனங்களைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் காய் எரிக்சன், ஆளாளுக்குப் பட்ட காயம் தவிர, ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற ஊரே உடைந்துபோனதையும் ஒரு காயமாக எண்ண வேண்டும் என்றார்.

இரண்டாவது போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. நடூரும் அதே டிசம்பர் 2. யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஆலையைச் சுற்றி நெருக்கியடித்துக் குடியிருந்த ஏழைகள்தான் அதிகம் செத்தார்கள். அவர்களைப் பார்த்தும் ‘ஏன் அங்கே குடியிருந்தீங்க?’ என்று கேட்டவர்கள் உண்டு. யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று கம்பெனி கதை சொன்னது. சில மாதத்துக்குள் அங்கே பத்து மருத்துவ நிலையங்களுக்கு வந்த 855 நோயாளிகளைப் பரிசோதித்ததில் 193 பேருக்கு மனநோய் இருந்தது. அப்படியும், தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று வந்தவர்களை, நட்டஈட்டுப் பணத்துக்காக வந்த நோய் என்று ஒதுக்கிய பேச்சு அங்கே நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றப்பிரிவை 304இன் இரண்டாம் பகுதியிலிருந்து 304ஏ ஆகக் குறைத்தது. முன்னதற்குப் பத்து வருசம் வரை தண்டனை, பின்னதற்கு இரண்டு வருசம். 2010 ஜூனில் ஏழு பேருக்கு இரண்டு வருசம் விதித்து, அன்றைக்கே ஜாமீனும் கொடுத்தார்கள். வீதியில் நின்ற பெண்கள் கதறினார்கள். 25 வருசம் கழித்தும் அழுகை தீரவில்லையா என்று கேட்பவர்கள், அந்த 25 வருசமும் அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று கேட்கட்டும்.

*

இப்போது நடூருக்குத் திரும்புவோம். அங்கேயும் முதலில் 304ஏ. அதாவது கவனக்குறைவு, கைத்தவறு. சனங்கள் வீதிக்கு வந்த பிறகு, மரணம் நேரும் என்று தெரிந்தே செய்ததற்கான 304இன் இரண்டாம் பகுதிக்கு மாற்றினார்கள். சட்டம் படித்தவனுக்கு இது எழுத்து மாற்றம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இது உயிர்நிலை. முதல் பிரிவு ‘தெரியாம நடந்துபோச்சு’ என்கிறது. இரண்டாவது ‘தெரியும்’ என்கிறது. சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று அந்தச் சனங்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். எனவே ‘தெரியும்’ என்கிற சொல்லுக்காகத்தான் அவர்கள் அடி வாங்கினார்கள்.

தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் அதற்குப் பெயர் வைத்தன. அது வெறும் காம்பவுண்டுச் சுவர் என்று மறுத்தவர்களும் உண்டு. 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பப்பட்ட மதுரை மாவட்டம் உத்தபுரம் சுவரில் 2008 மே 6ஆம் தேதி ஒரு பகுதியை இடித்தபோதும் இதே மறுப்பு இருந்தது. வீட்டுக்குச் சுவர் வைப்பது உரிமை என்பார்கள். வைக்கட்டும். வீட்டைக் காக்க அவ்வளவு உயரம் எதற்கு? பக்கத்தில் இருப்பது பங்களாவாக இருந்திருந்தால் அதே கல்லை அதே மாதிரி அடுக்கியிருப்பார்களா? அந்தப் பக்கம் இருப்பவன் மேல் விழுந்தால் விழட்டும் என்கிற அலட்சியத்துக்குச் சாதி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

பெயர் வைப்பது மருந்தும் கூட. ‘தீண்டாமைச் சுவர்’ என்ற பேச்சு எழுந்ததும், ஏன் அங்கே படுத்தோம் என்று தனக்குள் புழுங்குகிறவளுக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர் வந்து நின்று ‘உன்னால் இல்லை’ என்று சொன்ன மாதிரி. எங்கள் அவ்வாவுக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆனால் பெயர் வைத்ததோடு நின்றுவிட்டால் அதுவே இன்னொரு ரணம். யார் செய்தார்கள் என்று தெரிந்து, அவர்களைத் தினமும் கண்ணால் பார்த்து, ஒன்றும் நடக்காமல் வாழ்வது கொடுமை. கேட்க ஆளில்லாத கோபம் வீட்டுக்குள் திரும்பும். குடியாக, அடிதடியாக, தூக்குக் கயிறாகத் திரும்பும். இதை நம் இயக்கங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஒரு வாரம் கூட்டம் போட்டோம், சிறைக்கும் போனோம். அப்புறம் ஒவ்வொரு டிசம்பரிலும் மாலை போடப் போகிறோம். நடுவில் இருக்கிற பதினொரு மாதம் அந்த வீடுகளில் ராத்திரி மழை பெய்தால் யார் தூங்குகிறார்கள், யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்க் கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

இறந்த தன் இரண்டு பிள்ளைகளின் கண்களைத் தானம் கொடுத்த தகப்பன் நடூரில் இருந்தார். அன்றைக்கே அந்தக் காரியத்தைச் செய்தார். சாதி பார்க்காமல் யாருக்கோ கண் கொடுத்த அந்த மனசைப் பாராட்டி எழுதியவர்கள், அந்த மனசுக்கு என்ன பதில் கொடுப்பது என்று எழுதவில்லை. 2020 ஜனவரி 5ஆம் தேதியிலிருந்து 3,000 பேர் இஸ்லாம் தழுவப்போகிறார்கள் என்று தமிழ்ப் புலிகள் அறிவித்தபோது, அரசியல் என்றார்கள், மிரட்டல் என்றார்கள். எனக்கு அது ஒரு மருத்துவமாகவும் தெரிந்தது. போன பிறவியின் பாவம் என்று சொல்கிற கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டு வெளியேறுகிற வேலை. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் செய்ததும் அதுதானே.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் மனநல ஆதரவுக்கென்று தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஆலோசனை கொடு, குழந்தைகளைப் பார், ஊரை ஒன்று சேர் என்பதெல்லாம் சரிதான். நாம் அதில் சேர்க்கச் சொல்ல வேண்டியது சில உண்டு. பேரழிவு நடந்த இடத்தில் எதனால் நடந்தது என்கிற விசாரணை சனங்கள் முன்னிலையில், அவர்கள் பேச்சில் நடக்க வேண்டும். அதன் முடிவை எழுத்தில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நட்டஈட்டுக் காகிதத்தில் ‘மழை’ என்று எழுதக் கூடாது, உண்மைக் காரணத்தை எழுத வேண்டும். ஆலோசனைக்கு வருகிறவர், ‘கோபப்படாதீங்க’ என்று ஆரம்பிக்காமல், ‘என்ன நடந்துச்சுங்க?’ என்று ஆரம்பிக்க வேண்டும். நாமும் அந்த வீடுகளுக்கு மாலையில்லாத மாதங்களில் போக வேண்டும்.

நடூர்ச் செய்தி டிவியில் ஓடிய அன்றைக்கு என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: ‘அங்கயும் எவளோ ஒருத்தி புள்ளைய நவுத்திச் செவுத்தோரமாப் போட்டிருப்பா.’

அவ்வாவின் கதைதான், அவள் மகள் வாயில் வந்தது. நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொன்னேன். மேட்டில் இடம் கேட்டது, பண்ணாடி விரட்டியது, ஓடைக்குள்ளேயே கிடந்தது, மழை வந்தது, சுவர் விழுந்தது. அம்மா கேட்டுவிட்டு, ‘இத அவ்வாகிட்ட ஒருத்தரும் சொல்லலியே’ என்றாள்.

நடூரில் இருக்கிறவர்களிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது நாம் மட்டும் இல்லை. அரசாங்கம் சொல்ல வேண்டும், கோர்ட்டு சொல்ல வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரும் சொல்ல வேண்டும்.